மீட்டரைப் பார்க்காதே, தரையைப் பார்: பிஎம்டபிள்யூ இ46 எம்3 – ஒரு நிகழ்வு ஆய்வு

2000-ல் அறிமுகமாகி 2006-ல் நின்றுபோன இ46 எம்3-ஐ (3 சீரிஸ் காரின் வேக வடிவம்; இ46 அந்தத் தலைமுறையின் குறியீடு) பிஎம்டபிள்யூ 85 ஆயிரத்துக்கும் மேல் செய்து விற்றது. இத்தனை எண்ணிக்கையில் வந்த ஒரு கார் சேகரிப்பாளரின் கொட்டகைக்குள் நுழைவது அரிது. ஆனாலும் நுழைந்துவிட்டது. அடுத்த தலைமுறை எம்3-க்கு 4 லிட்டர் வி8 வந்தது, அதற்கும் அடுத்ததற்கு டர்போ வந்தது. டர்போ இல்லாமல், வரிசையாக ஆறு சிலிண்டர் நின்று, நிமிடத்துக்கு 8,000 சுழற்சி வரை கத்திக்கொண்டு ஓடும் கடைசி எம்3 இதுதான். அந்த இடத்தை இனி வேறு எந்தக் காரும் பிடிக்கப்போவதில்லை.

இந்தக் காரை வாங்க வருபவர்கள் செய்யும் தவறும் ஏறக்குறைய ஒன்றுதான். விளம்பரத்தில் முதலில் கிலோமீட்டரைப் பார்க்கிறார்கள். 60,000 ஓடியதற்குக் கூடுதலாகக் கொட்டிக் கொடுத்துவிட்டு, 1,60,000 ஓடியதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. மற்ற கார்களில் இது ஓரளவு சரியாகவே இருக்கலாம். இ46 எம்3-ல் மட்டும் இது ஆளைக் கவிழ்க்கும். இதன் மூன்று பெரிய நோய்களும் ஓடிய தூரத்தை மட்டும் நம்பி வருவதில்லை. எப்படி ஓட்டினார்கள், ஆயிலை எப்போது மாற்றினார்கள், எந்த வேலையை யார் செய்தார்கள் என்பதைப் பொறுத்து வருபவை. எனவே இந்தக் காரின் மதிப்பு மீட்டரில் இல்லை, காகிதக் கட்டில் இருக்கிறது. அந்தக் காகிதக் கட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதைத்தான் இந்த ஆய்வு பார்க்கிறது.

முதல் நோய்: டிக்கிக்கு அடியில் கிழியும் தகடு

பின் அச்சைத் தாங்கும் இரும்புச் சட்டம் நான்கு இடங்களில் காரின் தரைத் தகட்டோடு போல்ட் போட்டுப் பிணைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தகடு மெல்லியது. மடித்து, ஸ்பாட் வெல்டிங் அடித்து, பெட்டி போல உள்ளே வெற்றிடம் விட்டுச் செய்தது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் டிஃபரன்ஷியல் (பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) தன் மூக்கைத் தூக்கப் பார்க்கும். காலை எடுத்தால் கீழே அமரும். கிளட்சைச் சட்டென்று விட்டால் அந்த ஆட்டம் ஓர் அடியாகவே விழும். ரப்பர் புஷ்கள் நைந்துபோன பின் அடியின் வேகம் இன்னும் கூடும். இப்படி லட்சம் முறை ஆட்டப்படும் மெல்லிய தகடு முதலில் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளில் விடும், பிறகு மவுண்டிங்கைச் சுற்றி விரிசலாக ஓடும். இ46 வரிசை முழுவதற்கும் இந்தக் குறை உண்டு என்றாலும், 365 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் அகலமான டயரும் உள்ள எம்3-ல்தான் அதிகம் வெளிப்படும். இதற்குக் கிலோமீட்டர் கணக்கே கிடையாது. ரேஸ் டிராக்கில் அடிக்கடி ஏவி விட்ட 50,000 கி.மீ. கார் கிழிந்திருக்கும். நெடுஞ்சாலையில் நிதானமாக ஓடிய 1,80,000 கி.மீ. கார் திடமாக இருக்கும்.

பார்ப்பது எப்படி? காரை லிஃப்டில் ஏற்றி, பின் சட்டத்தின் நான்கு மவுண்டிங்கையும் பளிச்சென்ற விளக்கடித்துப் பாருங்கள். தொழிற்சாலை பூசிய அடிப்பூச்சு தடிமனானது. அதன் மேல் தலைமுடி போல ஒரு கோடு தெரிந்தாலே அடியில் உலோகம் பிளந்திருக்கலாம். பூச்சு புதிதாக, மற்ற இடத்தைவிட மினுமினுப்பாக இருந்தால் சந்தேகம் இரட்டிப்பு. யாரோ விரிசலைப் பூசி மறைத்திருக்கிறார்கள், அல்லது நல்ல முறையில் வேலை செய்து மூடியிருக்கிறார்கள். இரண்டில் எது என்பதைக் காகிதம்தான் சொல்லும். பிறகு டிக்கியின் விரிப்பைத் தூக்கி, மவுண்டிங்குகளுக்கு நேர் மேலே உள்ள தரையையும் சக்கரக் கூட்டை ஒட்டிய இணைப்புகளையும் பாருங்கள். அங்கே சீலன்ட் பிளந்திருந்தால் மேல் தகடும் அசைந்திருக்கிறது என்று பொருள். டெஸ்ட் டிரைவில் ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றி மெல்ல நகர்த்தும்போது பின்னால் "டொக்" என்று ஒரே ஓசை வந்தால், அது புஷ்ஷாகவும் இருக்கலாம், தகடாகவும் இருக்கலாம். புஷ் என்று விற்பவர் சொல்வதை லிஃப்டில் பார்க்கும்வரை நம்ப வேண்டாம்.

சரியான வேலை என்பது பின்பக்கம் முழுவதையும் கழற்றிச் செய்வது. சைலன்சர், புரொப்பெல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், பின் சட்டம் எல்லாம் இறங்க வேண்டும். அடிப்பூச்சை உலோகம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளை போட்டு, அது மேலும் ஓடாமல் நிறுத்திய பிறகே பற்றவைக்க வேண்டும். நான்கு மவுண்டிங்கிலும் அதற்கென வெட்டிய தகடுகளைப் பற்றவைக்க வேண்டும். இத்துடன் நிறுத்துபவர்கள் பாதி வேலைதான் செய்கிறார்கள் என்பது எங்கள் கருத்து. கீழே தகடு போட்டால் சுமை அந்த இடத்தைத் தாண்டி அடுத்த பலவீனமான இணைப்புக்குப் போகும். டிக்கியின் உள்ளிருந்து, மவுண்டிங்கை உடலின் நீளவாட்டுச் சட்டங்களோடு கட்டும் மேல்பக்க வலுவூட்டலும் இருந்தால்தான் அந்த மூலையை மறந்துவிடலாம்.

இங்கே இரண்டு ஆபத்துகள். பெட்ரோல் டேங்கும் குழாய்களும் அருகிலேயே இருக்கின்றன. அவற்றை அகற்றாமல் வெல்டிங் செய்யும் பட்டறையிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பேட்டரி இணைப்பையும் இன்ஜின் கணினியின் இணைப்பையும் கழற்றுவது அதே கட்டாயம். இரண்டாவது, சில கார்களில் பழைய பழுதின்போது வெற்றிடத்துக்குள் கெட்டியாகும் நுரையை ஊசிபோல் செலுத்தியிருப்பார்கள். அதன் மேல் வெல்டிங் நெருப்பு பட்டால் நச்சுப்புகை வரும், தீயும் பிடிக்கும். அந்த நுரையைத் தோண்டி எடுத்த பிறகே வேலை தொடங்க வேண்டும். கடைசியில் இணைப்புகளுக்கு சீலன்ட், எபாக்ஸி பிரைமர், உள்வெற்றிடங்களுக்கு மெழுகு. இதை விட்டால் மூன்று மழைக்காலத்தில் புதுத் தகட்டுக்குள்ளேயே துரு வேர்விடும்.

காகிதக் கட்டில் தேட வேண்டியது பில் மட்டுமல்ல. சுரண்டிய வெற்று உலோகம், வெல்டிங் முடிந்த நிலை, பூச்சு முடிந்த நிலை என்று மூன்று கட்டப் படங்கள் வேண்டும். பூசிய பிறகு எடுத்த ஒரே ஒரு படத்தால் எதையும் நிரூபிக்க முடியாது. தொழிற்சாலை நிலையிலேயே இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் சேகரிப்பாளர்களும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கிறார்கள். வேறு காரில் அடித்தரையில் வெல்டிங் என்றால் விபத்து வண்டி என்று விலை விழும். இந்தக் காரில் அதே வெல்டிங் விலையைத் தூக்கும்.

இரண்டாவது நோய்: கன்ராட் பேரிங்

எஸ்54 என்ற இந்த இன்ஜின் 3,246 சிசி; ஐரோப்பியக் காரில் 343 குதிரைத்திறன். சிலிண்டர் விட்டம் 87 மி.மீ., பிஸ்டன் பயணம் 91 மி.மீ. இந்த 91-ஐ மனதில் வையுங்கள். 8,000 சுழற்சியில் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 24 மீட்டரைத் தாண்டுகிறது. ரேஸ் இன்ஜின்கள் புழங்கும் வேகம் இது. அதைப் பால் வாங்கப் போகும் காரில் வைத்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டனை நிறுத்தித் திருப்பும் விசை முழுதும் கன்ராடின் (பிஸ்டனை கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் தண்டு) பெரிய முனையில் இருக்கும் மெல்லிய பேரிங் ஓட்டின் மேல் விழுகிறது. நடுவில் காப்பது ஆயில் படலம் மட்டும்தான். ஆயில் குளிராக, தேன் போலக் கெட்டியாக இருக்கும்போது இன்ஜினை ஏவினால் படலம் போதாது. பேரிங்கின் மேல்பூச்சு தேயத் தொடங்கும். 2003-ல் பிஎம்டபிள்யூவே அதுவரை செய்த பல கார்களைத் திரும்ப அழைத்து இந்தப் பேரிங்குகளை மாற்றிக்கொடுத்தது. அதற்குப் பின் வந்த கார்களுக்கு நோயே இல்லை என்று விற்பவர்கள் சொல்வார்கள். குறைந்திருக்கிறது, தீரவில்லை.

குறைந்த கிலோமீட்டர் ஏமாற்றுவது இங்கேதான். ஆண்டுக்கு 2,000 கி.மீ. மட்டும், அதுவும் பத்து நிமிடப் பயணங்களாக ஓடிய காரில் ஆயில் முழுச்சூட்டைத் தொட்ட நாட்களை விரல்விட்டு எண்ணலாம். தினமும் 80 கி.மீ. நெடுஞ்சாலையில் போய்வந்த காரின் பேரிங் அதைவிடப் புதுசாக இருப்பதில் வியப்பில்லை. எம்3-ன் சுழற்சி மீட்டரைச் சுற்றி எரியும் ஆரஞ்சு விளக்குகள் இதற்காகவே வைத்தவை. இன்ஜின் சூடாக ஆக, அவை ஒவ்வொன்றாக அணைந்து எல்லையை உயர்த்தும். டெஸ்ட் டிரைவில் விற்பவர் அவற்றை மதிக்கிறாரா என்று கவனியுங்கள். உங்கள் முன்னாலேயே குளிர் இன்ஜினை 6,000-க்குத் தூக்குபவர், நீங்கள் இல்லாதபோது என்ன செய்திருப்பார்?

ஆயில் 10டபிள்யூ-60 மட்டுமே, ஃபில்டருடன் 5.5 லிட்டர். சர்வீஸ் விளக்கு சொல்லும்வரை காத்திருந்தவர்கள் ஒரு பக்கம், 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றியவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாம் வகையாரின் காரையே தேடுங்கள். முதல் 2,000 கி.மீ.யில் இன்ஜின், டிஃபரன்ஷியல் இரண்டுக்கும் ஆயில் மாற்றும் ஓட்டப்பழக்க சர்வீஸ் ஒன்று இந்தக் காருக்குக் கட்டாயமாக இருந்தது. சர்வீஸ் புத்தகத்தில் அந்த முத்திரை இருப்பது முதல் உரிமையாளரின் குணத்தைக் காட்டும் நல்ல அடையாளம்.

வாங்கும் முன் இன்ஜினைப் பிரிக்க யாரும் விடமாட்டார்கள். ஆனால் ஆயில் ஃபில்டரைக் கழற்றி, மடிப்புகளை விரித்து வெயிலில் பார்க்க விடுவார்கள். செம்பு நிறப் பொடி மின்னினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஆயில் மாதிரியைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் ஈயம், செம்பு, வெள்ளீயம் ஆகியவற்றின் அளவு வரும். ஒரே ஒரு அறிக்கையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். நேற்றுதான் ஆயில் மாற்றியிருந்தால் எந்த இன்ஜினும் சுத்தமாகத் தெரியும். இரண்டு மூன்று ஆண்டு அறிக்கைகளில் ஈயம் ஏறிக்கொண்டே போகிறதா என்பதுதான் கேள்வி.

பேரிங் மாற்றுவது இன்ஜினை இறக்காமலே முடியும் வேலை. இன்ஜினை மேலிருந்து தாங்கிப் பிடித்து, முன் சட்டத்தை இறக்கி, ஆயில் சம்பைக் கழற்ற வேண்டும். ஆறு கன்ராடுக்கு 12 ஓடுகள், 12 புதுப் போல்ட்கள். பழைய போல்ட்டைத் திரும்பப் போட்டு நூறு யூரோ மிச்சம் பிடிப்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. எந்த ஓடு எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்று எழுதிவைத்து, பழைய ஓடுகளைப் படமெடுத்து உரிமையாளரிடம் கொடுப்பதே நல்ல பட்டறையின் வழக்கம். காகிதக் கட்டில் அந்தப் படம் இருந்தால் பில்லைவிட அதுவே அதிகம் பேசும். சீராக, சாம்பல் நிறத்தில் தேய்ந்திருந்தால் சாதாரணம். ஒரு பக்கம் மட்டும் செம்பு தெரிந்தால், ஓடு உட்காரும் கிராங்க் ஷாஃப்ட் பகுதியான ஜர்னலையும் அளந்தார்களா என்று கேளுங்கள். கீறல் விழுந்த ஜர்னலில் புது ஓடு நிலைக்காது.

மூன்றாவது: வானோஸ்

வால்வு நேரத்தை மாற்றும் இந்த ஹைட்ராலிக் அமைப்பு 100 பாரைத் தாண்டிய ஆயில் அழுத்தத்தில் இயங்குகிறது. அந்த அழுத்தத்தைத் தரும் பம்பை எக்ஸாஸ்ட் கேம் பக்கத்து ஹப்பின் இரண்டு சிறு காதுகள் சுழற்றுகின்றன. காதுகள் நுழையும் வட்டத்தகட்டின் துளைகள் கொஞ்சம் தளர்வு. அந்தத் தளர்வில் காது இடித்து இடித்து ஒருநாள் முறியும், துண்டு டைமிங் செயின் பக்கம் விழும். இன்ஜினையே முடித்துவிடக்கூடிய விஷயம். ஹப் போல்ட்கள் தாமாகத் தளர்வதும் உண்டு. தீர்வு தெரிந்ததுதான்: துளை இறுக்கமாகப் போட்ட புது வட்டத்தகடு, வலுவான ஹப், புதுப் போல்ட்கள், பிஸ்டன் சீல்கள். சூடான இன்ஜின் மெதுவாக ஓடும்போது முன்பக்கத்திலிருந்து டப்பாவில் கல் குலுக்குவது போலக் கேட்டால் முதலில் இங்கே பாருங்கள்.

இந்த வேலைக்கு வால்வு மூடி எப்படியும் திறக்கும் என்பதால் அதே நாளில் டேப்பெட்டும் (வால்வின் இடைவெளி) பார்த்துவிடுவார்கள். குளிர்ந்த இன்ஜினில் இன்டேக் 0.18 முதல் 0.23 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.28 முதல் 0.33 மி.மீ. மொத்தம் 24 வால்வு, ஷிம் எனப்படும் சிறு தகடுகளால் சரிசெய்வது. சர்வீஸ் பில்லில் "இன்ஸ்பெக்‌ஷன்" என்று மட்டும் இருந்து, ஷிம் வாங்கியதற்கு ஒருமுறைகூட அடையாளம் இல்லாவிட்டால், 20 ஆண்டில் ஒரு வால்வுகூட விலகவில்லை என்று நம்பச் சொல்கிறார்கள் என்று பொருள்.

மற்றவை சில்லறை: பிளாஸ்டிக் கூலன்ட் டேங்க், ரேடியேட்டர், முன் கன்ட்ரோல் ஆர்ம் புஷ், முறியும் பின் ஸ்பிரிங், சக்கர வளைவுகளில் துரு, சீட்டின் ஓரத் தேய்வு. விலை பேச உதவும். வாங்குவதா வேண்டாமா என்பதை இவை தீர்மானிக்காது. 

அசலா, வேடமா?

சாதாரண 3 சீரிஸான 330சிஐ காருக்கு எம்3 உடை மாட்டி விற்பது பழைய தந்திரம். எம்3-ன் சேஸ் எண் டபிள்யூபிஎஸ் என்று தொடங்கும். சாதாரண பிஎம்டபிள்யூ டபிள்யூபிஏ. பானட் அலுமினியம் என்பதால் காந்தம் ஒட்டாது. பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி இரும்புத் தகடுகளில் 100 முதல் 150 மைக்ரானுக்குள் காட்டினால் நல்லது. 200-ஐத் தாண்டினால் மறுபூச்சு. 500-ஐத் தாண்டினால் அடியில் பட்டி.

சேஸ் எண்ணின் கடைசி ஏழு இலக்கங்களைக் கொண்டு அந்தக் கார் எந்த நிறத்தில், எந்த கியர்பாக்ஸோடு பிறந்தது என்ற பட்டியலை எடுக்கலாம். இது முக்கியம். எஸ்எம்ஜி எனப்படும் ஹைட்ராலிக் தானியங்கிக் கிளட்ச் பெட்டியோடு பிறந்த பல கார்களை, பம்ப் கெட்டதும், மூன்று பெடல் மேனுவலாக மாற்றிவிட்டார்கள். உள்ளே இருப்பது அதே கெட்ராக் ஆறு கியர்தான் என்பதால் மாற்றுவது கடினமல்ல. ஓட்டுவதற்கும் நன்றாகவே இருக்கும். ஆனால் சேகரிப்பாளர் பிறந்த மேனுவலுக்குக் கொடுக்கும் விலையை இதற்குக் கொடுக்க மாட்டார். நியாயமான விலை எஸ்எம்ஜிக்கும் மேனுவலுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

வரிசைப்படுத்தச் சொன்னால்: மேனுவல் கூபே முதலில், மேற்கூரை ஜன்னல் இல்லாவிட்டால் இன்னும் மேலே. லாகுனா செகா ப்ளூ, ஃபீனிக்ஸ் யெல்லோ போன்ற நிறங்களுக்குக் கேட்பார் அதிகம். வெள்ளியும் கருப்பும் எங்கும் கிடைக்கும். கடைசி ஆண்டுகளில் வந்த காம்பெட்டிஷன் பேக்கேஜ் காரில் 345 மி.மீ. முன் டிஸ்க்கும் வேகமான ஸ்டீரிங்கும் உண்டு. பிரிட்டனில் அது சிஎஸ் என்ற பெயரில் வந்தது. கன்வர்ட்டிபிள் ஓட்டி மகிழ. முதலீடாக எண்ண வேண்டாம்.

இந்த விதிகள் எல்லாவற்றையும் உடைப்பது 2003-ல் 1,383 மட்டுமே செய்த சிஎஸ்எல் என்ற எடை குறைத்த எம்3. 360 குதிரைத்திறன், கார்பன் கூரை, கார்பன் காற்றுப்பெட்டி, டிக்கியின் தரைகூடத் தேன்கூட்டு அட்டை. எஸ்எம்ஜி மட்டுமே, ஆனாலும் உச்ச விலை. கருப்பு, வெள்ளிச் சாம்பல் என இரண்டே நிறம். நீல நிற சிஎஸ்எல் கண்ணில் பட்டால் அது மறுபூச்சு அல்லது நகல்.

விலை போடும் முறை

மூன்று வேலையும் படத்தோடு முடிந்த, நேர்மையான ஒரு காரின் விலையை முதலில் கண்டுபிடியுங்கள். பார்க்கும் காரில் முடியாத வேலைகளுக்கு நல்ல பட்டறையிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அதோடு கால்பங்கு சேர்த்துக் கழியுங்கள். தரைத் தகடு திறக்கும்வரை அதன் அளவு யாருக்கும் தெரியாது, அந்தக் கால்பங்கு அதற்காக. இந்தக் கணக்கைப் போட்டால், வேலை முடிந்த 1,60,000 கி.மீ. கார், எதுவும் தொடாத 60,000 கி.மீ. காரைவிடப் பல சமயங்களில் மலிவாகவே முடியும். விற்பவர் "இன்னும் விரிசல் வரவில்லை, அதனால் செய்யவில்லை" என்றால் அது உண்மையாகக்கூட இருக்கலாம். கழிப்பை மாற்ற வேண்டாம்.

நாட்டு விதிகளும் விலைக்குள் ஒளிந்திருக்கும். பிரிட்டனில் எம்ஓடி எனப்படும் ஆண்டுத் தகுதிச் சோதனையின் வரலாற்றைப் பதிவு எண்ணை வைத்து யாரும் இலவசமாகப் பார்க்கலாம். மீட்டர் எண் ஓர் ஆண்டில் பின்னோக்கிப் போயிருந்தால் அங்கே பிடிபடும். அதே நாட்டில் 2006 மார்ச் 23-க்கு முன் பதிவான காருக்குப் புகை அடிப்படையிலான சாலை வரிக்கு ஒரு மேல்வரம்பு உண்டு. அன்றும் அதற்குப் பிறகும் பதிவான கடைசிக் கார்கள் ஆண்டுதோறும் பெருமளவு கூடுதலாகக் கட்டுகின்றன. "கடைசி ஆண்டு, அதனால் சிறந்தது" என்ற விளம்பரத்தைப் படிக்கும்போது பதிவுத் தேதியைக் கேளுங்கள். ஜெர்மனியில் 30 வயதானால் கிடைக்கும் ஹெச் எண் பலகையை (பழங்கார்களுக்கானது) முதல் இ46 எம்3-கள் 2030-ல் தொடும். அமெரிக்காவில் 25 வயது தாண்டிய காரை அங்குள்ள விதிகளுக்கு ஏற்ப மாற்றாமலே இறக்கலாம். சிஎஸ்எல் அங்கே விற்கப்படவே இல்லை. 2003-ல் செய்த அந்தக் கார்களுக்கு 2028-ல்தான் கதவு திறக்கும். சிஎஸ்எல் வாங்க நினைக்கும் ஐரோப்பியருக்கு அமெரிக்கப் பணம் போட்டிக்கு வராத காலம் அதுவரைதான்.